இஸ்திரி போட்ட சட்டை

பிப்ரவரி 9

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது. இங்கே நானும் பாப்பாவும் உன் வீட்டுக்காரனும் ஏதோ இருக்கிறோம். உன் கடிதம் வந்து மாசமாச்சு. அத்தைக்கு ரெண்டு வரி எழுத அவ்வளவு கஷ்டமா?

நேற்று கோர்ட்டுக்குப் போனோம். கிடங்கில் இரும்பு அலமாரி தலையில் சாய்ந்ததிலிருந்து அவன் படுகிற பாட்டை நேரில் பார்த்தால் நீதிபதி மனம் இளகும் என்று நினைத்தேன். அவர் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உதவித்தொகை கிடையாது என்று சொன்ன ஆபீஸின் ஃபைலைத்தான் புரட்டினார். அந்த ஆபீஸ் டாக்டர் எழுதியதை வாசித்தார்கள். 'முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னார்.'

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "என் பையன்தாங்க. நான்தான் தயார் பண்ணிக் கூட்டிட்டுப் போனேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொறாமை.

தீர்ப்பு பிறகு சொல்வார்களாம். பணம் வந்ததும் நீ வேலையை விட்டு வந்துவிடலாம். பாப்பா உன் தலையணையில்தான் தூங்குகிறாள்.

இப்படிக்கு,
அத்தை

மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

வக்கீல் போன் செய்தார். தோற்றுவிட்டோம். நீங்கள் பெருமைப்பட்ட அந்த இரண்டு வரியால்தான். கோர்ட்டில் ஆளைப் பார்க்க மாட்டார்களாம். ஃபைலில் உள்ளதை வைத்து ஆபீஸ் முடிவு சரியா என்று மட்டும்தான் பார்ப்பார்களாம்.

"தனியா வேலை செய்வியா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "செய்வேன் சார்" என்றிருக்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது? அவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனதில் பாப்பாவின் பாவாடை கருகியதை டாக்டரிடம் ஏன் மறைத்தீர்கள்?

புதிதாக மனு போட்டிருக்கிறார் வக்கீல். வேறு டாக்டர் பார்ப்பார். உங்கள் காலில் விழுகிறேன் அத்தை, சவரம் செய்யாமல், தலை வாராமல், இருக்கிறபடியே கூட்டிப்போங்கள். நான் கவனித்துக்கொள்ளும் பெரியவரின் மகள், இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே வேலை செய்வதாகக் கையெழுத்துக் கேட்கிறாள். உங்கள் கடிதம் வரும்வரை தள்ளிப்போடுகிறேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 23

அன்பு மருமகளுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். தாடியோடு, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஒருத்தி எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். பொறுத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அடுப்பு விஷயத்தை நானே ஆரம்பித்தேன். "அவரே சொல்லட்டும்மா" என்றாள். அவனைப் பார்த்து, "தனியா வேலை செய்வீங்களா?" என்றாள்.

"செய்வேன் மேடம்" என்றான்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் சரியாகப் பதில் சொன்ன பிள்ளை பார்க்குமே, அப்படி. மகள் பெயர் மறக்கிறது, சாப்பிட்டது மறக்கிறது. நான் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தது மட்டும் நிற்கிறது. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

வக்கீல் பார்க்கலாம் என்கிறார். அஞ்சாவதோடு நின்றவள்தான் நான், ஆனாலும் அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் புரிகிறது.

நீ கையெழுத்துப் போட்டுவிடு.

அத்தை