தண்ணீர் என்று நீ சொல்லவில்லை

நெருப்பெரிச்சல்,
புரட்டாசி, சனிக்கிழமை.

அன்புத் தோழி ஆஷாவுக்கு,

உன் கீதாஞ்சலி எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம். நீ சுகமா என்பதை உன்னிடமிருந்தே தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். தினமும் மெசேஜ் அனுப்புகிறவள் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். சொல்கிறேன்.

போன வாரம் அவிநாசிபாளையம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. "எம்புள்ள தெனமும் காலைல மெசேஜ் போட்டுருது கண்ணு, பேசத்தான் நேரமில்லையாமா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஜெர்மனி போன நீ சித்திரைக்குப் பிறகு ஒருமுறைகூட என் அழைப்பையும் எடுக்கவில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆராய்ச்சிப் படிப்பில் நாம் இருவரும் சுட்டெடுத்த, குளிரவைத்தால் காந்தத்தின்மேல் மிதக்கும் மீகடத்திகளான கறுப்புப் பீங்கான் வில்லைகள் என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. மாடுகளுக்குச் சினை ஊசி போடும் தவசி அண்ணன், ஊசி மருந்தை உறையவைக்க வைத்திருக்கும் திரவ நைட்ரஜனில் கொஞ்சம் கொடுத்தார். அதில் குளிரவைத்துக் காந்தத்தின்மேல் விட்டுப் பார்த்தேன். ஹைட்ரஜன் கொஞ்சமாக ஏற்றிய வில்லை இன்றும் அந்தரத்தில் நிற்கிறது. உள்ளே வேறொன்று குடியேறியிருப்பது வெளியே தெரியவே இல்லை. அதிகமாக ஏற்றியதுதான் மிதக்கவில்லை. மூடிய டப்பாவுக்குள், யாரும் தொடாமலே, ஓரமெல்லாம் உதிர்ந்து சாம்பல் மாதிரி கிடந்தது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. படமெடுத்து உனக்கு அனுப்பினேன். "சூப்பர் புள்ள" என்று பதில் வந்தது. எந்த வில்லை, எவ்வளவு ஏற்றியது என்று ஒரு கேள்விகூட இல்லை.

உன் குரலைக் கேட்டே ஆகவேண்டும் என்று அப்புறம் விடாமல் நச்சரித்தேன். குரல்பதிவு ஒன்று வந்தது. "நல்லாத்தான் இருக்கறேன். வேல ஜாஸ்தி. அப்பறமாக் கூப்படறேனுங்க." உன் குரலேதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் தலை நிமிர்ந்து, "ஏங்கண்ணு, இது நம்மூட்டுப் பழைய மிஷின் சத்தமாட்ட இருக்குது? அதத்தான் ஆடியிலயே வித்துப்போட்டமே" என்றார். மறுபடி போட்டுக் கேட்டேன். உன் பேச்சுக்குப் பின்னால், பல் உடைந்த எங்கள் நிட்டிங் மெஷின் கடக் கடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மனி போவதற்குமுன் எங்கள் மாடியில் நின்று நீ அங்கிருந்த உன் வீட்டுக்காரர் மகுடேஸ்வரன் அண்ணாவுக்குப் பேசி அனுப்பியது அது. என்னிடம் நீ எப்போது "ங்க" போட்டுப் பேசினாய்?

மறுநாள் எதுவும் தெரியாதவள்போல் கேட்டேன். "காலேஜ்ல பாடம் எடுக்கணும் புள்ள, மறந்துபோச்சு. ஹைட்ரஜன் ஏத்துன வில்லையச் சூடு பண்ணுனா என்ன வெளிய வரும்?" வெகுநேரம் டைப்பிங் என்றே காட்டிக்கொண்டிருந்தது. பிறகு பதில் வந்தது. "ஹைட்ரஜன்தான் புள்ள, வேறென்ன வரும்?"

ஆஷா, யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். கண்ணாடிக் குழாயில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தபோது, நான் குழாயைச் சரியாக உலர்த்தவில்லை என்று சண்டை போட்டாய். பிறகு நீயே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாய். உள்ளே போன ஹைட்ரஜன் போனபடி திரும்புவதில்லை, வில்லையின் ஆக்சிஜனையும் பறித்துக்கொண்டு தண்ணீராகத்தான் வருகிறது என்று எனக்குப் புரியவைத்தவள் நீதான். அன்று சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தோம். அதை நீ மறப்பாயா?

"ஆமா, தேங்க்ஸ் புள்ள" என்று அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அது சும்மா இருக்கவில்லை. "ஏன் கேட்ட?" என்று வந்தது. கொஞ்ச நேரத்தில், "திடீர்னு ஏன் கேட்ட புள்ள?" என்று மறுபடியும். யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சடக்கி நிற்பதுபோல் இருந்தது.

என் வீட்டுக்காரர் தமிழ்செல்வன், "போலீஸ்ல என்னன்னு சொல்றது? தண்ணினு சொல்றதுக்கு ஹைட்ரஜன்னு சொல்லிட்டாள்னா? சிரிப்பாங்க" என்றார். சொன்னாரே தவிர, அவரும் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அவராகவே எங்கள் பனியன் கம்பெனியின் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கீர்த்தனாவிடம் பேசினார். ஆர்டர் விஷயமாக அவள் உன் ஊருக்கே வருகிறாள். இதை உன் கையில் மட்டும்தான் கொடுப்பாள். நீ நன்றாக இருந்தால், உனக்குப் பைத்தியமாடி என்று என்னைத் திட்டி உன் கையெழுத்தில் நாலு வரி எழுதிக் கொடு. ஜென்மத்துக்கும் அந்தத் திட்டை வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் ஒன்றும் எழுதாதே. கட்டிய துணியோடு அவளுடன் கிளம்பி வா.

மகுடேஸ்வரன் அண்ணா, ஒருவேளை இதை நீங்கள் பிரித்துப் படித்தால், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். ஏன், எப்படி என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். உங்கள் மனைவி எந்த நிலையில் இருந்தாலும் சரி, அவளை எங்களிடம் கொடுத்துவிடுங்கள். பெற்றவள் காத்திருக்கிறாள்.

கடவுள் உன்னைக் காக்கட்டும் ஆஷா.

என்றும் உன்
கீதா