கரண்ட் போன பூசை

அத்தை,

இன்று காலை டி.வி. பூசையில் காணிக்கைப் பாட்டு போய்க்கொண்டிருக்கையில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ‘கீ’யென்று ஒரு சத்தம் கொடுத்தது, டி.வி. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாமியார் தன் பாட்டுக்கு அப்பத்தைக் கையில் எடுத்தார். எனக்குத்தான் அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன்.

இடுப்பெலும்பு முறிந்து நீங்கள் படுக்கையான பிறகு, ஞாயிறுதோறும் டி.வி.தான் உங்களுக்குக் கோயில். நான் முதல் பூசைக்குப் போய்வந்து, டி.வி. பெட்டிமேல் மெழுகுவர்த்தி ஏற்றி, உங்கள் முக்காட்டை இழுத்துவிடுவேன். வீட்டுக் கணக்கில் மெழுகுவர்த்தி என்று எழுதி இப்போது வெகுநாளாகிறது. கோயிலில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர்களைப் போலவே வெறும் வயிற்றோடு இருப்பீர்கள். சர்க்கரை மாத்திரை மட்டும் தண்ணீரோடு உள்ளே போயிருக்கும்.

“டி.வி. பூசைக்கு யாரும்மா ஒருசந்தி இருக்கா? ரெண்டு இட்லியத் தின்னுட்டுப் பாரேன்” என்பார் உங்கள் மகன்.

“கிரிக்கெட் பாக்கையில ஒனக்குச் சோறு எறங்குதாலே?” என்று அடக்கிவிடுவீர்கள்.

இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிறு, சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்குச் சற்று முன்னால் கரண்ட் போயிற்று. இட்லித் தட்டை நீட்டினேன். தள்ளிவிட்டீர்கள்.

“கரண்ட்டுதானட்டி போச்சு? அங்கன சாமியாரு நிறுத்திட்டாரா?”

“எப்ப முடியும்னு நமக்கு எப்படித் தெரியும் அத்தே?”

“ஆசீர்வாதம் வாங்காம பாதியில எந்திரிக்கது மரியாதையா? நீ சொல்லு. ஒனக்குத்தான் புஸ்தகம் பூராவும் மனப்பாடமாச்சே.”

உங்கள் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. மேலுதட்டில் வேர்வை. வெறும் வயிற்றில் மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டிருந்தது. இருண்ட பெட்டிக்கு முன் முழந்தாளிட்டு, சபை சொல்லும் பதில்களை மட்டும் வேகமாகச் சொன்னேன். சாமியாருக்கு உரிய இடங்களில் பேசாமல் இருந்தேன். அந்தப் பேசாத நேரம் நீள நீளப் பயம் பிடித்தது. கடைசியில் ஆசீர்வாதம். அதை நான் எப்படிக் கொடுப்பேன்?

நீங்களே கையை நீட்டி, என் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டீர்கள்.

“பிள்ளைகளுக்குப் போடுதோம்லா, அது செல்லாதாட்டி? நீயும் போடு.”

போட்டேன். வேர்வையில் விரல் வழுக்கியது.

“இப்பக் கொண்டா இட்லிய. சட்னி எங்கட்டி?”

அதன்பிறகு கரண்ட் இருந்தாலும் போனாலும் அப்படித்தான் பூசையை முடித்தோம். முதலில் நீங்கள், பிறகு நான்.

ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி ஞாயிறன்று டி.வி. இல்லை. முறை மாறி, நான்தான் முதலில் போட்டேன். உங்கள் கை போர்வையைவிட்டு எழும்பவில்லை. பெருவிரல் அசைந்ததா, அசைந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா, இன்றுவரை தெரியவில்லை.

இன்று நான் திரும்பிவந்து முழந்தாளிட்டபோது சாமியார் ஆசீர்வாதம் கொடுத்தார். பூசை முடிந்து விளம்பரமும் வந்துவிட்டது.

“எல்லாம் முடிஞ்சுட்டுல்லா, எந்திரி. பசிக்கி” என்றார் உங்கள் மகன்.

“செத்த இருங்க” என்றேன். முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி, நெற்றியைக் காட்டிக்கொண்டு அப்படியே இருந்தேன், அத்தை.