காக்கைக்குப் போன மாத்திரை

ஜூன் 3, 2025

கால்நடை ஆராய்ச்சியில் இருக்கும் டாக்டர் ஜெசி கல்லிடைக்குறிச்சி வரை வந்து சின்னுவுக்கு ரத்தம் எடுத்துப் போனாள். கிழட்டு நாய். கதவு திறந்திருந்தாலும் கீல் பக்கமாக முட்டிக்கொண்டு நிற்கிறான். வயசான நாய்களின் மறதி குறையுமா என்று ஒரு மாத்திரையைச் சோதிக்கிறார்கள். பாதி நாய்களுக்கு நிஜ மருந்து, பாதிக்கு வெறும் மாவு. எதற்கு எது என்று அவளுக்கே தெரியாதாம். நம் வீட்டில் நம்மோடு கிடந்து மூப்படைகிற பிராணி, இதற்குப் பலித்தால் மனிதருக்கும் ஒரு வழி கிடைக்கலாம் என்றாள்.

நான் சம்மதித்தது சின்னுவுக்காக இல்லை. என் மனைவி காமாக்ஷிக்காக. நேற்று என்னிடம், "ஏன்னா, ஆபீஸ் போகலையா?" என்கிறாள். நான் ஓய்வு பெற்று ஒரு யுகமாகிறது.

ஜூன் 4

மாத்திரையைத் தயிர்சாத உருண்டையில் பொதித்துக் கொடுத்தால் காமாக்ஷியே கொல்லைக்குக் கொண்டுபோய்ப் போடுகிறாள். இந்த ஒரு வேலையாவது அவள் கையில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 19

சின்னு சரியான பக்கமாக வெளியே போகிறான். இரண்டு மூன்று நாளாக இப்படித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிஜ மருந்துதான், சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 28

வெட்கத்தை விட்டு ஜெசியிடம் கேட்டேன் - காமாக்ஷிக்கு அதில் ஒரு கால் துண்டு கொடுக்கலாமா?

"சார், அப்படில்லாம் செஞ்சிராதீங்க. நாய்க்கே என்ன செய்யுதுன்னு இன்னும் தெரியல. முடிவு வர வருசக்கணக்காவும்."

வருஷக்கணக்கா? யாருகிட்ட இருக்கு வருஷம்?

செப்டம்பர் 9

குடி முழுகிப்போச்சு.

மதியம் தற்செயலாகக் கொல்லைக்குப் போனேன். காமாக்ஷி உருண்டையை மதில்மேல் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அது மாத்திரையோடு கொத்திக்கொண்டு பறந்தது. சின்னு கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறான்.

"என்னடி பண்றே?"

"காக்காய்க்கு வைக்காம எப்படிச் சாப்பிடறது? தெனம் வைக்கறதுதானே."

தினமுமா? அப்போ சின்னு தேறினது எதனால? நெஜமா தேறினானா, இல்ல நானா நெனச்சுண்டேனா? கர்மம். அவளைத் திட்டவும் முடியல. எல்லாம் மறந்தும் பித்ருக்களுக்கு வைக்கிறது மட்டும் மறக்கல அவளுக்கு.

செப்டம்பர் 10

காலையில் சின்னு மறுபடி கீல் பக்கம்.

செப்டம்பர் 12

ஜெசிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன்.

"இனி சின்னுவச் சேத்துக்கிட முடியாது சார். மறைக்காம சொன்னீங்களே, அது போதும்."

இனி நானே என் கையால் கொடுக்கிறேன் என்று கெஞ்சினேன். அதற்கெல்லாம் இடமில்லையாம்.

செப்டம்பர் 15

ஆள் வந்து மிச்ச மாத்திரையை வாங்கிப் போனார்.

அக்டோபர் 2

மதியம் காமாக்ஷி சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: "யாராத்து நாய் இது? இங்கேயே சுத்திண்டிருக்கு."

"நம்மாத்துதுதான். சின்னு."

"பாவம், பசிக்கறதோ என்னமோ."

தானே தயிர்சாதம் பிசைந்து, கொல்லையில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். சின்னு ஒரு பருக்கை விடாமல் நக்கித் தின்றான். கை அலம்பிவிட்டு வந்தவள் என்னைக் கண்டதும், வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"மாமா, நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கோளேன். அவர் ஆபீஸ்லேர்ந்து வர நாழியாகும்."

இலை போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.