பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது

ஆலங்குடி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஷர்லிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், மெசேஜ் அனுப்பலாம் என்றால் இருவருக்கும் ஒரே போன். நம் தெரு முகமது அஸ்வர் லீவு முடிந்து சனிக்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கடலை பிடுங்கியாயிற்று, மழைக்கு முன் காய்ந்துவிட்டது. சித்தி மகள் சிவரஞ்சனிக்கு பேங்க் வேலை கிடைத்திருக்கிறது, ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசு. இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர மனம் இதில் இல்லை, இதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் ஷெட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

டிசம்பரில் வரும்போது கொண்டுவரச் சொல்லி அப்பா இரும்பு கடைகிற லேத்துக்கு ஒரு லிஸ்ட் அனுப்பினாரே, அதைப் பற்றித்தான். கம்பியைக் கவ்விச் சுற்றுகிற நான்கு தாடை சக், வெட்டுகிற டூலைப் பிடிக்க சட்டென்று கழற்றி மாட்டும் டூல் போஸ்ட், அளவு காட்டும் டிஜிட்டல் பெட்டி. சக் மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும், விமானத்தில் விடுகிற முப்பது கிலோவில் நீ எதைத்தான் கொண்டுவருவாய். பஸ் டெப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம் கட்டிலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்த மனிதர், அந்தச் சின்ன லேத் வந்த பிறகுதான் காலையில் சவரம் செய்துகொள்கிறார். கேட்டுக் கீலுக்குள் போடும் புஷ் கடைந்தார், எதிர்வீட்டு சத்யாவின் தையல் மெஷினுக்குப் பின் செய்து கொடுத்தார். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு லேத்தை விற்றுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நம் முந்திரித் தோப்பு போர் மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா, கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், நாம் ஓடிப்போய்ப் போட வேண்டியதில்லை. சோலார் வைத்த பிறகு அது சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிறதே என்று அதை ஷெட்டில் இருக்கும் லேத்துக்கு மாட்டிவிட்டார். தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு அது நல்லதுதான், கையை உள்ளே விட்டு வேலை செய்கிற மெஷினுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது, உடனே ஷெட்டில் தகரத்தை அறைந்தது போல ஒரு சத்தம். ஓடினேன். “ஒண்ணுமில்ல மேரி, சாவி கீழ விழுந்துருச்சு, நீ போயி அடுப்பப் பாரு” என்றார். மறுநாள் ஹாலில் இருந்த மாதா காலண்டரைக் காணோம், ஷெட்டுத் தகரத்தில் தொங்குகிறது. தூக்கிப் பார்த்தேன். பள்ளம், சரியாக அவர் தலை உயரத்தில். மெஷினை நிறுத்திவிட்டு, கம்பியைக் கழற்ற சக்கைத் திருகுகிற இரும்புச் சாவியை அதில் சொருகியிருக்கிறார், அந்த நேரம் கரண்ட் போயிருக்கிறது, அளவுகோலை எடுக்கக் குனிந்திருக்கிறார், கரண்ட் வந்து சக் சுற்றிச் சாவி பறந்திருக்கிறது. குனிந்ததால் பிழைத்தார். கேட்டால், “முப்பத்தோரு வருசம் மெஷின்ல நின்னவன், எனக்கு நீ சொல்லித் தாரியா? பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிப்புடாத” என்கிறார். பெட்டியைக் கழற்றவில்லை.

அன்றிலிருந்து கரண்ட் போனால் ஊரில் எல்லோரும் விசிறி தேடுகிறார்கள், நான் ஷெட்டுக்கு ஓடுகிறேன். என் பி.எஸ்சி. பிசிக்ஸ் இத்தனை வருஷம் கழித்து இதற்குத்தான் உதவியது, மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நானே படித்தேன். கரண்ட் போனால் அணைந்து, திரும்ப வந்தாலும் நாமாகப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடுகிற சுவிட்ச் இருக்கிறதாம், மேலே சிவப்பாகப் பெரிய ஸ்டாப் பொத்தானும் இருக்கும். அதை முதலில் வாங்கு. சக்கின் மேல் மூடுகிற கண்ணாடி மூடி, கண்ணுக்கு இரண்டு கண்ணாடி, இந்த மெஷினுக்கென்றே வருகிற பெல்ட் இரண்டு, பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒரு செட், இவ்வளவு போதும். வெட்டுகிற டூல் எல்லாம் திருச்சியிலேயே கிடைக்கும். சுவிட்ச்கூட இங்கே கிடைக்கலாம், ஆனால் கடைக்காரரிடம் பேசவே எனக்கு நாக்கு எழாது, நான் வாங்கி வந்தால் அவர் மாட்டவும் மாட்டார். நீ கொண்டுவந்ததை அவர் ஒரு நாளும் மூலையில் வைத்ததில்லை.

இதுவரை எழுதிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். இறங்கி வந்தபோது அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து ஸ்க்ரூ டிரைவரோடு வெளியே போனார், கால் மணி நேரத்தில் அந்த ஆட்டோ பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “அம்புட்டையும் எழுதுனியே, மோட்டார் எத்தன எச்.பி.ன்னு எழுதுனியா? அது தெரியாம பிள்ள எந்த சுவிட்ச வாங்கும்? முக்கால் எச்.பி., சிங்கிள் பேஸ்னு போடு” என்றார். போட்டுவிட்டேன். இப்போது லேத்துக்கு ஒயரே இல்லை, நீ வரும்வரை துணி போட்டு மூடியிருக்கிறது.

மாதா உன் பக்கத்தில் இருந்து காக்கட்டும் மகளே. ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. சுவிட்சைக் கைப்பையில் வைத்துக்கொள்ளாமல் பெட்டிக்குள் துணி சுற்றி வை. டூல் போஸ்ட்டை லிஸ்டில் அடிக்காதே என்று அப்பா சொல்லச் சொன்னார், எடையில் இடம் மிச்சமிருந்தால் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
அடைக்கலமேரி ஆரோக்கியதாஸ்