தக்காளி வயலுக்கு மேலிருந்த கோட்டை

என் அருமை நண்ப,

நேற்று மாலை இலண்டன் தோர்ண்டன் ஹீத்தில், தமிழ்ப்பள்ளியின் ஆண்டுக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தைத்தான் வழக்கம்போல் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மூவேந்தர் கோட்டைகளின் மாண்பை நான் முழங்கிக்கொண்டிருந்தபோது யாரோ பக்கக் கதவைத் திறந்தார்கள். கோயிலுள்ளே அப்போதுதான் மெழுகுதிரிகளை அணைத்திருக்க வேண்டும். அணைந்த திரியின் புகையும் ஈரம் ஊறிய கல்லின் மணமும் சேர்ந்து வந்து என் முகத்தில் மோதின. பாதிச் சொற்றொடரில் நின்றுவிட்டேன்.

அவையோர் கைதட்டினார்கள். நாட்டை நினைத்து நான் கலங்கினேன் என்று எண்ணிவிட்டார்கள் போலும். நாட்டில் நம் மக்களைப் போர் தின்ற இந்த ஆண்டில் தமிழன் ஒருவன் கலங்கினால், ஏன் என்று கேட்பார் இல்லை. நான் கலங்கியது உன்னை நினைத்து.

சென்ற ஆண்டு இலையுதிர் காலம். இத்தாலியில் நம்மவர் நடத்தும் பள்ளி ஒன்று தன் விழாவில் பேச என்னை அழைத்திருந்தது. அப்டன் பார்க்கில், உன் துணிக்கடையில், சேலைகளை மடித்துக்கொண்டே நீ சொன்னாய்:

"நானும் வாறன் மச்சான். உன்ரை பேச்சுக்கு இல்லை, பயப்பிடாதை. எனக்கு ஒரு கோட்டை பாக்கவேணும்."

"கடையைப் பூட்டிப்போட்டு நீ கோட்டை பாக்க வாறியோ?"

"ஏன், கோட்டையெல்லாம் பேச்சாளருக்கு மட்டும் எழுதி வச்சிருக்கோ?"

இலண்டனுக்கு வருமுன் பியாச்சென்சா மாவட்டத்தின் நாட்டுப்புறத்தில் நீ வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி அன்றுதான் விரிவாகச் சொன்னாய். காஸ்தெல் ஆர்க்குவாத்தோ என்னும் குன்றூர். உச்சியில் செங்கல்லால் எழுந்த பழங்கோட்டை. கீழே, அதன் பார்வையில் விரிந்த தக்காளி வயல்களில் உன் வேலை. அந்நாட்டில் தங்க இசைவு இல்லாத நாள்கள் அவை. மேலே திடலில் காவலர் நிற்பார்கள் என்ற அச்சத்தால் அந்தக் குன்றில் நீ ஒருபோதும் ஏறவில்லை.

"இப்ப பாஸ்போட் பொக்கற்றுக்கை கிடக்குது," என்றாய். "வாசலாலை போய், ரிக்கெற் எடுத்து, உச்சியிலை ஏறி நிண்டு, நாங்கள் குனிஞ்சு நிண்ட வயல் அங்கையிருந்து எப்பிடித் தெரியுது எண்டு பாக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

விழா முடிந்தபின் நமக்கு இரண்டு நாள் ஓய்வு இருந்தது. கோட்டைகளும் கோயில்களும் பழைய ஊர்களுமாக அந்த மாவட்டத்தையே சுற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். ஆனால் நம்மவர் பயணத்தில் ஓர் எழுதாச் சட்டம் உண்டல்லவா? வழியில் தமிழர் வீடு ஒன்று இருந்தால், அதில் ஏறாமல் போவது பகை. ஏறினால் தேநீரோடு விடமாட்டார்கள்.

முதல் நாள் அப்படித்தான் கழிந்தது. வீடு வீடாக உண்டு, பொப்பியோ ஊரை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அங்குள்ள பழம்பெரும் துறவியர் மடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஆற்றின் குறுக்கே கூன் விழுந்து கிடந்த கற்பாலத்தில் மட்டும் நடந்தோம். வளைவுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல், மேடும் பள்ளமுமாக இருந்தது அது. ஊர்க்கதையை நீ சொன்னாய்.

"பேய் ஒரு ராத்திரியிலை கட்டினதாம் மச்சான். முதல் கடக்கிற உயிர் தனக்கு எண்டு கேட்டுதாம். சாமியார் ஓமெண்டு சொல்லிப்போட்டு, விடிய ஒரு நாயை அனுப்பிப்போட்டாராம்."

"அப்ப பேய் ஏமாந்துபோச்சு."

"ஏமாந்ததோ? விடிய விடிய வேலை வாங்கிப்போட்டு நாயைக் காட்டினால்? நான் பேயின்ரை பக்கம்."

ஆற்றின் இரைச்சலையும் மீறி நாம் சிரித்தோம்.

மறுநாள் கோட்டைக்குரிய நாள். குன்றுக்குப் போகும் சாலையில் உள்ள பியோரென்சுவோலாவில் அக்கா ஒருத்தியின் வீடு இருந்தது. உன் இக்கட்டான காலத்தில் பாயும் சோறும் தந்தவள். "வாசலிலை நிண்டு தலையைக் காட்டிப்போட்டு ஓடுவம்," என்றுதான் நீ வண்டியை நிறுத்தினாய். கதவு திறந்ததும், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழின் மணம். நாம் வருகிறோம் என்று யாரோ சொல்லியிருக்க, விடியலிலேயே மாவை ஊறவைத்துவிட்டாள்.

"நண்டு இனித்தான் போடவேணும். இருங்கோ," என்றாள்.

"அக்கா, கோட்டை..." என்று இழுத்தாய்.

"கோட்டை கூழ் ஊத்துமோ உனக்கு? குடியாமல் போறதெண்டால் இனி இந்தப் படி ஏறாதை!"

நான் உன்னை ஒருபுறமாக அழைத்தேன். "பூட்டிப்போடுவாங்கள். சொல்லிப்போட்டு வெளிக்கிடு," என்றேன். நீ தணிந்த குரலில் சொன்னாய்: "விசா இல்லாமல் நிண்டவனுக்குக் கதவு திறந்தது அந்தக் கோட்டை இல்லை மச்சான். இந்த வீடுதான்."

நான் திரும்பி உள்ளே போய் அமர்ந்தேன். கூழ் கொதித்து, இறங்கி, ஆறுவதற்குள் பக்கத்து வீட்டுத் தமிழரெல்லாம் கூடிவிட்டார்கள். "சனம் வந்திருக்கு, ரெண்டு சொல்லுப் பேசன்," என்று நீயே என்னை எழுப்பினாய். என் இரண்டு சொல் எவ்வளவு நீளும் என்று உனக்குத் தெரியாதா?

நாம் குன்றேறியபோது செங்கற்கள் கடைசி வெயிலில் கனன்றுகொண்டிருந்தன. ஒரு பெண் வாயிலைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நீ அவள் மொழியில் கேட்டாய், பணிவாகத்தான் கேட்டாய். அவள் கைகளை விரித்து, நாளை வாருங்கள் என்றாள். நாளை விடியலில் நமக்கு வானூர்தி.

"பரவாயில்லை. கோட்டை எங்கை ஓடப்போகுது?" என்று சிரித்தாய்.

திடலின் மறுபக்கத்துக் கோயில் திறந்திருந்தது. உள்ளே ஒரு முதியவர் திரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். ஈரக்கல் தூண்களினிடையே நாம் அமர்ந்தோம். நீ வேண்டவில்லை; அணையும் திரிகளின் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. திடலின் விளிம்பில் நின்று கீழே உற்று நோக்கினாய். "அந்த லைற்றுக்கு இஞ்சாலைப் பக்கம் எண்டு நினைக்கிறன்," என்றாய். பிறகு, "தெரியேல்லை," என்றாய்.

அந்த ஒரு சொல்லை நான் அன்று சரியாகக் கேட்கவில்லை, நண்ப. இப்போது கேட்கிறது.

இந்த இளவேனிலில் நீ போய்விட்டாய். கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். அப்போது நம் மக்கள் போரை நிறுத்தச் சொல்லி இலண்டன் தெருக்களில் இரவும் பகலும் நின்று கதறிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களிடையே குரல் இழந்து நின்றேன். இனமே இழவு வீடாக இருந்தபோது ஒருவனுக்காகத் தனியே அழ எனக்கு இடம் கிடைக்கவில்லை. உனக்குரிய கண்ணீரைப் பொதுக் கண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிட்டேன். அது உன்னை வந்து சேர்ந்ததா என்று அறியேன்.

சென்ற மாதம் அதே பள்ளி மீண்டும் அழைத்தது. தனியாகப் போனேன். அக்கா என்னைக் கண்டதும் முன்றானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் மறிச்சனான் அண்ணை. அண்டைக்கு விட்டிருந்தால் பாத்திருப்பான்."

"அக்கா, இலண்டனிலை அவன் கடைக்கு வந்த ஆள் எல்லாருக்கும் உங்கடை கூழைத்தான் சொன்னவன். கோட்டையைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அது உண்மை. ஆனால் அவள் அழுகை நிற்கவில்லை. சொல்லால் எதையும் நிறுத்தலாம் என்று நம்பி வாழ்ந்தவன் நான்.

அங்கிருந்து குன்றுக்குப் போனேன். நல்ல பகல். வாயில் திறந்து கிடந்தது. நுழைவுச்சீட்டு விற்பவள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். காணாத கோட்டைகளையெல்லாம் கண்டவன்போல் மேடைதோறும் பாடியவனுக்கு, கண்ணெதிரே திறந்திருந்த ஒன்றில் நுழையக் கால் எழவில்லை. அந்த வயலை மேலிருந்து பார்க்க வேண்டிய கண் உன்னுடையது. நான் பார்த்திருந்தால், அடுத்த மேடையிலேயே அதையும் கைதட்டலுக்குத் தந்திருப்பேன்.

திரும்பி இறங்கினேன். சாலை வயலோரமாகப் போயிற்று. அறுவடை முடிந்து கிடந்த வெறும் மண். வண்டியை நிறுத்தி உள்ளே நடந்து, சேற்றில் நின்று, அண்ணாந்து பார்த்தேன். நீ ஆண்டுக்கணக்கில் பார்த்த கோட்டை. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு பார்வைதான். அதைத்தான் இன்று சுமந்து திரிகிறேன்.

அது அவ்வளவு உயரத்தில் இருந்தது என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே.