ஒரே வரியில் இரண்டு எண்கள்

என் கிரீஸ் டப்பாவுக்கு,

நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுத வழியில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வண்டி திருட்டு வண்டி இல்லை. நேற்று மாலை நாலு மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். இதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து கை துடிக்கிறது.

மகள், "நீ சொல்லும்மா, நான் டைப் அடிச்சுத் தரேன். யாருக்கு லெட்டர்?" என்று கேட்டாள். என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தே போதும், நீ வேலைக்குப் போ என்று துரத்திவிட்டேன். உங்கள் பட்டறை மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தாளில் எண்ணெய்க் கறை பட்டிருந்தால் அது என் குற்றமில்லை.

நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாதே, முதலிலிருந்தே சொல்கிறேன். நீங்கள் போன இரண்டாம் மாதம், வண்டியை என் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தோம். பதிவு அலுவலகத்திலிருந்து அதிகாரி வீட்டுக்கே வந்தார். தார்ப்பாயை நான்தான் இழுத்தேன். உங்கள் பச்சைக் கார் நேற்றுத் துடைத்த மாதிரி நின்றது. அவர் டார்ச் அடித்து அடிச்சட்டத்தில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார். பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார்.

"அம்மா, புத்தகத்துல ஒரு நம்பர் இருக்கு, வண்டில வேற நம்பர் இருக்கு. ரெண்டு வண்டிய ஒட்டுப் போட்டுருக்காங்க போல. திருட்டு வண்டியாக்கூட இருக்கலாம். மூணு மாசத்துக்குள்ள இது எங்கேருந்து வந்துச்சுன்னு ஆதாரம் காட்டுங்க. இல்லேன்னா நாங்க எடுத்துட்டுப் போயிடுவோம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார், கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போனார். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

அன்றைக்கே உங்கள் தம்பி வந்தார். "அண்ணி, அண்ணன் அந்தக் காலத்துல யார்கூடச் சுத்துனார்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேசாம வண்டிய உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க. செத்தவர் பேராவது மிஞ்சும்" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நினைத்துப் பார்த்தேன். அப்போது மகள் என் வயிற்றில் ஆறு மாதம். இரண்டு நாள் உங்களைக் காணோம். மூன்றாம் நாள் ஒரு லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இந்தக் காரை இழுத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "ஒரு டாக்டரம்மா சும்மா குடுத்தாங்கடி, ஓடலயாம்" என்றீர்கள். ஓடாத மிக்சியைக்கூட யாரும் சும்மா கொடுப்பதில்லை, காரையா கொடுப்பார்கள்? அன்றைக்கு இருந்த வாந்தியில் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. பிறகு நீங்கள் அதைப் பச்சையாக அடித்தீர்கள். ஓடவும் வைத்தீர்கள். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தெருவில் இறக்கியதில்லை. சாமான் கிடைக்காது, தேய்ந்துவிடும் என்பீர்கள். இருபத்திரண்டு வருஷம் அதை நம்பினேன். அதிகாரி வந்து போன பிறகு, பெயிண்ட் மாற்றியதும் தார்ப்பாய் போட்டு மூடியதும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

மகள்தான் விடவில்லை. இந்தக் காரைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்களாம். ஆனால் அந்த ஊரில் ஒரு காட்சிசாலை வைத்து, செய்த ஒவ்வொரு வண்டிக்கும் எழுதிய பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களாம். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு மகள் எழுதினாள். வண்டியில் இருக்கும் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளை அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. சாக்கை விரித்து நானே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. உங்கள் கால் மட்டும்தானே எனக்கு வெளியே தெரியும்! உள்ளே ஒரு குழாயை எதைப் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். என் நீலப் பாவாடை நாடா. அதைக் காணோம் என்று துணி துவைக்கிறவளோடு நான் சண்டை போட்டு, அவள் வேலையை விட்டு நின்றே போனாள். அங்கேயே படுத்துக்கொண்டு உங்களைத் திட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுத் திட்டியதில் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

கண்ணுக்கு முதலில் பட்ட எண்ணைத் தேய்த்து அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இது சக்கர அச்சை வார்க்கும்போதே அதில் பதியும் எண், நாங்கள் செய்த எல்லா வண்டியிலும் இதே எண்தான் இருக்கும் என்று அந்த அம்மாள் மரியாதையாக எழுதியிருந்தார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, ஊர்ல இருக்குற எல்லா மனுஷனுக்கும் ரெண்டு காது இருக்குன்னு எழுதி அனுப்புன மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் அவளே டார்ச்சோடு படுத்துச் சரியான எண்ணைத் தேய்த்தாள். ஒன்றரை மாதம் வீணாகப் போயிருந்தது.

கெடு முடியப் பதினோரு நாள் இருக்கும்போது தபால் வந்தது. பேரேட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். சாய்வான எழுத்து, அழகாக இருந்தது. எத்தனை வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு குமாஸ்தா மை தொட்டு எழுதியது. மகள் ஒரே ஒரு வரியில் விரலை வைத்து வாசித்தாள். அடிச்சட்ட எண், நம் வண்டியில் இருப்பது. அதே வரியில் என்ஜின் எண், நம் புத்தகத்தில் இருப்பது. இரண்டும் ஒரே வண்டிக்குரியவை. இந்த வண்டிகள் கப்பலில் வந்திறங்கிய நாட்களில் பதிவு செய்தவர்கள், அடியில் படுத்துப் பார்க்கச் சோம்பல்பட்டு என்ஜின் எண்ணையே புத்தகத்தின் இரண்டு கட்டத்திலும் எழுதிவிடுவார்களாம். இதைக் கேட்டு எழுதுவதில் நாங்கள் முதல் ஆள் இல்லை என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். என்ஜினில் எந்தப் பம்புக்குப் பின்னால் அந்த எண் இருக்கும் என்று படமும் போட்டிருந்தார். சுரண்டிப் பார்த்தோம். இருந்தது.

வரியின் கடைசியில் வாங்கியவர் யார் என்று இருந்தது. மகள் வாசித்ததும் நான் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்துவிட்டேன். துறைமுக ஊரின் பிரசவ ஆஸ்பத்திரி, ஒரு டாக்டர் அம்மாள். நீங்கள் சொன்ன அதே டாக்டரம்மா. ஏன் சும்மா கொடுத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. இனி தெரியவும் வேண்டாம்.

அதோடு முடியவில்லை. நேற்று அதிகாரி வந்து எல்லாவற்றையும் பார்த்தார், தலையை ஆட்டினார், பேனாவைத் திறந்தார், மறுபடியும் மூடினார். "இதுல கலர் பாலாடை நிறம்னு போட்டுருக்கே, இது பச்சையால்ல இருக்கு? மேலே அடிச்சதுதான்னு எப்படி நம்புறது?" என்றார். மகள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. உங்களை எனக்குத் தெரியாதா? சமையலறை அலமாரிக்குப் பின்பக்கம் பெயிண்ட் அடிக்கச் சொல்லி எத்தனை வருஷம் கத்தினேன்! "செவுத்தப் பாத்து நிக்கிற பக்கத்துக்கு எதுக்குடி பெயிண்ட்?" என்பீர்கள். உங்கள் திருப்புளியை எடுத்து வந்து கார்க் கதவின் உள் அட்டையை நானே கழற்றினேன். ஏழு திருகு. அட்டை கையோடு வந்தது. உள்ளே முழுக்கப் பாலாடை நிறம், ஒரு சொட்டுப் பச்சை இல்லை.

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சோம்பேறியா இருந்தாலும் நேர்மையான ஆளும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சோம்பேறி என்றதற்கு நான் கோபப்படவில்லை. உங்கள் தம்பிக்கு மகளே போன் செய்தாள். "அண்ணனப் பத்தி எனக்குத் தெரியாதா!" என்றாராம். போகட்டும், மனசில் வைக்காதீர்கள்.

இனி வண்டியை விற்க மாட்டேன். மகள் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். கிளட்சை மிதித்துக் கொல்கிறாள், நீங்கள் இருந்தால் தாங்க மாட்டீர்கள். ராத்திரி நன்றாகத் தூங்கினேன். நீங்களும் இனி நிம்மதியாகத் தூங்குங்கள். இப்படிக்கு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒன்றைச் சொல்லாமல் கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

அந்த மூன்று மாதத்தில் உங்கள் பெட்டியைக் கிளறினேன். சட்டைப் பைகளைத் தேடினேன். உங்கள் கூட்டாளி பெயிண்டர் வீட்டுக்குப் போய், நீங்கள் எப்போதாவது போலீசில் மாட்டினீர்களா என்று கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி, நீயே கேக்கலாமா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். உடம்புக்கு முடியாமல் பத்து நாள் படுத்தபோதும் வலிக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லாத மனிதரை நான் மூன்று மாதம் திருடன் என்று நினைத்தேன். ஊர் நினைத்ததை விட அதிகமாக நினைத்தேன். சோறு போடும்போது இதை நான் உங்களிடம் சொல்லியிருந்தால், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருப்பீர்களா, இல்லை "போடி பைத்தியக்காரி" என்று சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லியிருப்பீர்களா?