ஆறாவது கோப்பை

பேட்டை,
4.8.2024

அன்புத் தம்பி யஹ்யாவுக்கு லாத்தாவின் ஸலாம்.

போன் இருக்கும் காலத்தில் காகிதமா என்று சிரிக்காதே. என் மகன் அய்மன், போன் ஒட்டுக் கேட்கிறது என்று கிணற்றில் போட்டுவிட்டான். இது மூன்றாவது. இனி வாங்கப்போவதில்லை.

பாளையங்கோட்டையில் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் ஸ்டெபி டாக்டர், அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஒரு கூட்டம் போடுகிறார். மனநோயில் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஆராய முடியாதாம். எதை முதலில் ஆராய்வது என்று நோயாளிகளின் வீட்டாரையே கேட்கப்போகிறார்களாம். போகலாமா, வேண்டாமா?

எனக்குச் சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. நான் போய்விட்டால் இவனுக்கு யார்? உடனே பதில் போடு.

ஹமீது பீவி

தம்மாம்,
25.8.2024

அன்புள்ள லாத்தா, வஅலைக்கும் ஸலாம்.

போகவே வேண்டாம். என் மகள் ஃபர்ஹத்துக்கு வள்ளியூரில் சம்பந்தம் முடிகிற நேரம். ‘மாமி மகனுக்கு இப்படி’ என்று ஒரு வார்த்தை அங்கே போனால் போதும், எல்லாம் கெட்டது. அய்மன் பெங்களூரில் வேலை பார்க்கிறான் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர்கள் ஆராய்வதற்கு நீங்கள் எதற்கு? உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வீணாகக் கவலைப்படாதீர்கள்.

யஹ்யா

பேட்டை,
22.9.2024

தம்பி,

போய்விட்டேன். கோபப்பட்டால் பட்டுக்கொள். என் மகன் பெங்களூரில் இருப்பது எனக்கே தெரியாமல் போச்சே, அடப்பாவி!

மேசையில் ஐந்து கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி ஒட்டியிருந்தது. மருந்தால் உடம்பு ஊதுவதை எப்படித் தடுப்பது, மருந்தை எப்போது குறைக்கலாம், இந்த மாதிரி. ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, முக்கியமாகப் படுவதில் போடச் சொன்னார்கள். என் கேள்வி எதிலும் இல்லை. நான் குடித்த சாயாக் கோப்பையைக் கழுவி, ஆறாவதாக வைத்து, ஐந்து கொட்டையையும் அதிலே போட்டேன்.

“என்னம்மா இது?” என்றார் ஸ்டெபி டாக்டர்.

“நாங்க மவுத்தான பொறவு எங்க பிள்ளையள யாரு பாப்பா? அத மொதல்ல ஆராய்ச்சி பண்ணுங்க.”

“அது வைத்தியக் கேள்வி இல்லியேம்மா.”

“மாத்திரை எடுத்துக் குடுக்க ஆளில்லேன்னா உங்க வைத்தியம் எங்கன நிக்கும்?”

சேரன்மகாதேவியிலிருந்து மகளுக்காக வந்திருந்த பெருமாள்ராஜ் அண்ணாச்சி எழுந்தார். தான் வேறு கோப்பையில் போட்டிருந்த கொட்டைகளைப் பொறுக்கி என் கோப்பையில் போட்டார். பிறகு மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். சின்னக் கோப்பை, வழிந்துவிட்டது.

கடைசியில் அதையே முதலாவதாக எடுத்துக்கொண்டார்கள். பெற்றவர்களோடு இன்னொரு சொந்தக்காரரையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இப்போதே பழக்கினால், நோய் மறுபடி முற்றாமல் இருக்குமா என்று ஒரு வருஷம் பார்க்கப்போகிறார்களாம். அந்தச் சொந்தக்காரர் பெயரை எழுத விண்ணப்பத்தில் ஓர் இடம். அண்ணாச்சி தன் தம்பி பெயரை எழுதினார். கேள்வி கேட்ட நான் அதைக் காலியாக விட்டு வந்தேன். நவம்பர் ஐந்து கடைசி நாள். உன்னைக் கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்காமல் இருக்க அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஹமீது பீவி

தம்மாம்,
14.10.2024

லாத்தா,

உங்கள் காகிதம் வந்த நாளிலிருந்து சட்டைப் பையிலேயே இருக்கிறது. நேற்று வள்ளியூருக்கு நானே பேசி, உள்ளதைச் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பதில் இல்லை. ஃபர்ஹத்தானால், “மச்சான மறைச்சித்தான் எனக்கு நிக்காஹ் நடக்கணுமா வாப்பா?” என்று கேட்கிறாள்.

என் பெயரை எழுதுங்கள். டிசம்பரில் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறேன். எனக்கு ஒன்றுமே தெரியாது. மாத்திரை எத்தனை மணிக்கு? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? மாட்டேன் என்றால் என்ன சொல்வீர்கள்? கோபம் வரும்போது பக்கத்தில் நிற்கலாமா? அவனுக்கு என்னை நினைவிருக்கிறதா? எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள்.

மாமா போனை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று அவனிடம் சொல்லுங்கள்.

யஹ்யா